வகுத்தல் கணக்கில் யாரை விட்டோம்?

"உலகத்திலேயே அதிகமாக கார்பன் விடும் மூன்றாவது நாடு இந்தியா." செமினார் பிபிடி-யில் இந்த வரியை நம்மில் எத்தனை பேர் போட்டிருப்போம்! பக்கத்தில் உருகுற பனிக்கட்டி மேல் ஒரு கரடி படம், அடுத்த ஸ்லைடில் 'நன்றி'. யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, ஏன்னா அடுத்தது லஞ்ச்.

அந்த வரி பொய் இல்லை. சீனா, அமெரிக்கா, அப்புறம் இந்தியா. ஒரு வருஷத்துக்கு எத்தனை டன் என்று நாடு நாடாகக் கூட்டினால் அப்படித்தான் வரும். ஆனால் ஒரு எண்ணைப் பார்த்தால் அதோட யூனிட் என்னன்னு கேட்கத்தானே நாலு வருஷமா நம்மைப் பழக்குறாங்க? 'ஒரு நாட்டுக்கு' என்பது என்ன யூனிட்? 140 கோடிப் பேர் இருக்கிற இடமும் ஒரு நாடு. ஏழு லட்சம் பேர்கூட இல்லாத லக்ஸம்பர்க்கும் ஒரு நாடு.

தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்க. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வருவதை மட்டும் எடுத்தால், ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு 14 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறார். ஒரு சீனர் சுமார் 8 டன். ஒரு இந்தியர் சுமார் 2 டன். தொழிற்புரட்சியிலிருந்து இன்று வரை சேர்த்துக் கூட்டினால், மொத்தத்தில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்கா விட்டது. இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் கீழே. இந்த மூன்றும் சரியான எண்கள்தான். இதில் எதை ஸ்லைடில் போடுகிறோம் என்பதுதான் அரசியல். கூட்டல் தப்பே இல்லாமல் ஒருத்தரைக் குற்றவாளி ஆக்கிவிடலாம், எதால் வகுக்கணும் என்பதை முடிவு பண்ணும் பேனா மட்டும் கையில் இருந்தால் போதும்.

இதை முகத்தில் அடித்த மாதிரி சொன்னவர் நம்ம ஜாதிதான், மெக்கானிக்கல் எஞ்சினியர். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் பத்திரிகையாளர் ஆன அனில் அகர்வால். 1980-ல் டெல்லியில் சென்டர் ஃபார் சயின்ஸ் அண்ட் என்விரான்மென்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1991-ல் அவரும் சுனிதா நாராயணும் சேர்ந்து ஒரு சின்ன புத்தகம் எழுதினார்கள். 'சமத்துவமில்லாத உலகில் புவி வெப்பமடைதல்' என்று தலைப்பு. துணைத் தலைப்பில் 'சுற்றுச்சூழல் காலனியம்' என்ற வார்த்தையையே போட்டார்கள். பூசி மெழுகுற பழக்கம் ரெண்டு பேருக்கும் கிடையாது.

யாருக்கான பதில் அது? அமெரிக்காவில் வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு பெரிய ஆய்வு நிறுவனம். 1990-ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, வெப்பமடைதலுக்குக் காரணமான முதல் ஐந்து நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா, சோவியத் யூனியனோடு பிரேசில், சீனா, இந்தியாவையும் சேர்த்தது. உலகமே சேர்ந்து செய்த தப்பு, எல்லாரும் சேர்ந்து குறைப்போம் என்கிற தொனி.

அகர்வாலும் சுனிதாவும் அந்தக் கணக்கின் உள்ளே கையை விட்டார்கள். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு நல்ல டீபக்கிங் மாதிரி இருக்கும்.

பூமி, நாம் விடுகிற கார்பனில் ஒரு பகுதியைத் தானே இழுத்துக்கொள்ளும். கடலும் காடும் மண்ணும் செய்கிற வேலை அது. அதைத் தாண்டி மிஞ்சுவதுதான் காற்றில் சேருகிறது. சரி, அந்தக் கடலும் காடும் இழுக்கிற அளவில் யாருக்கு எவ்வளவு பங்கு? அமெரிக்க அறிக்கை என்ன செய்தது தெரியுமா? யார் அதிகம் புகை விடுகிறார்களோ அவர்களுக்கு அதிகப் பங்கு என்று விகிதப்படி பிரித்தது. ஹாஸ்டலில் ஒரே தண்ணி டேங்க், 40 பேர். நேற்று வரை பத்து பக்கெட் அள்ளினவனுக்கு இனிமேலும் பத்து பக்கெட், அரை பக்கெட்டில் குளிச்சவனுக்கு அரை பக்கெட்தான் என்று வார்டன் சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? அதே கணக்கு.

கடலும் காற்றும் எல்லாருக்கும் பொது, அதனால் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கணும் என்று இவர்கள் திருப்பிப் போட்டார்கள். இந்தியா, சீனா இரண்டின் நிகரக் குற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. டேட்டா மாறவில்லை. வகுத்த முறை மட்டும் மாறியது.

இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். வயலில் நெல் விளைகிறபோது மீத்தேன் வருகிறது. மாடு அசை போடும்போதும் வருகிறது. காரில் ஊர் சுற்றும்போது கார்பன் டை ஆக்ஸைடு வருகிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கூட்டுவது நியாயமா? ஒன்று உயிர் வாழ்வதற்கான புகை, இன்னொன்று சொகுசுக்கான புகை. மூலக்கூறுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா?

நெல் வயல் மீத்தேன் கணக்கே ஒரு தனிக் கூத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் மதிப்பீடு, இந்திய வயல்களிலிருந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 38 மில்லியன் டன் மீத்தேன் வருவதாகச் சொன்னது. வேறு நாட்டு வயல்களில் எடுத்த அளவை நம்ம வயல் பரப்போடு பெருக்கின எண் அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ.பி.மித்ரா தலைமையில் நம்ம வயல்களில் நேரில் போய் அளந்தார்கள். வந்தது சுமார் 4 மில்லியன் டன். வேறு இடத்து ரீடிங்கை லேப் ரெக்கார்டில் ஒட்டினால் நம்ம சார் ரிப்பீட் போடுவார். உலக அரசியலில் அதை வைத்து ஒப்பந்தமே போடப் பார்த்தார்கள்.

இதே 1991-ல், டிசம்பரில், இன்னொரு தாள் எழுதப்பட்டது. உலக வங்கியின் உள்ளே சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பு. அதில் கையெழுத்து, அப்போதைய தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸுடையது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் அது வெளியே கசிந்தது. சாரத்தை என் வார்த்தையில் சொல்றேன்: மாசினால் ஒருத்தர் நோய்ப்பட்டால் நஷ்டம் என்பது அவர் இழக்கிற சம்பளம். அப்படியென்றால் சம்பளம் குறைவாக இருக்கிற நாட்டில் மாசைக் கொட்டினால்தான் நஷ்டம் குறைவு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் போதுமான அளவு மாசே இல்லை.

கிண்டலுக்கு எழுதினது, விவாதத்துக்காக எழுதினது என்று பிறகு விளக்கம் வந்தது. இருக்கட்டும். அவர் பின்னாளில் அமெரிக்க நிதி அமைச்சர் ஆனார், ஹார்வர்ட் தலைவர் ஆனார். பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஹோசே லுட்ஸென்பெர்கர், உங்கள் தர்க்கம் ரொம்பச் சரி, ஆனால் முழுப் பைத்தியக்காரத்தனம் என்கிற பொருளில் அவருக்குக் கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் பதவி போனது லுட்ஸென்பெர்கருக்குத்தான்.

எனக்கு அந்தக் குறிப்பின் கொடூரத்தைவிட அதன் நேர்மைதான் உறுத்துகிறது. கடைசியில் அது ஒரு விஷயம் சொல்கிறது: இந்த யோசனையை எதிர்க்க நீங்கள் எடுக்கிற நியாயங்களை, வங்கி சொல்கிற மற்ற தாராளமயத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் எதிராகவும் திருப்பலாம். உண்மைதானே. வாயைத் திறந்து சொன்னதால் அது அவதூறு ஆனது. சொல்லாமல் செய்தால் அதற்குப் பெயர் வணிகம்.

செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1986-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், குப்பையை எரித்த சாம்பலை சுமார் 14,000 டன் 'கியான் சீ' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பியது. எங்கே கொட்டுவது? நாடு நாடாகத் துரத்தினார்கள். 1988 தொடக்கத்தில் ஹெய்ட்டி நாட்டின் கொனாய்வ் கடற்கரையில் சுமார் 4,000 டன்னை இறக்கிவிட்டது. உரம் என்று சொல்லி. விஷயம் தெரிந்து திரும்ப ஏற்றச் சொன்னதும் கப்பல் நழுவிவிட்டது. மிச்சத்தோடு பேரை மாற்றிக்கொண்டு கடல் கடலாகச் சுற்றி, கடைசியில் அந்தச் சாம்பல் நடுக்கடலில் காணாமல் போனது. ஹெய்ட்டியில் கிடந்த குவியல் திரும்ப அமெரிக்காவுக்குப் போகப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இந்த மாதிரிக் கதைகள் சேர்ந்துதான் 1989-ல் நச்சுக் கழிவு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் வந்தது. சம்மர்ஸ் குறிப்பு அதற்கு இரண்டு வருஷம் கழித்து என்பதை மறக்காதீங்க.

ஆக ஒரே வருஷம், இரண்டு தாள். ஒன்று தலையால் வகுத்தது. இன்னொன்று சம்பளத்தால் வகுத்தது. அதற்குப் பிறகு நடந்த காலநிலைப் பேச்சுவார்த்தைகளை எல்லாம் இந்த இரண்டு கணக்குக்கு நடுவில் நடக்கிற இழுபறியாகத்தான் நான் படிக்கிறேன். 1992-ல் ரியோவில், பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவு வேறுபட்டது என்று எழுதி வைத்தார்கள். முதல் கணக்குக்கு ஒரு பாயின்ட். மூன்றே வருஷத்தில் ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-க்காகப் பொருளாதார நிபுணர்கள் தயாரித்த அத்தியாயம் ஒன்றில், பணக்கார நாட்டு உயிருக்கு 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிருக்கு அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று விலை போட்டிருந்தது. இரண்டாவது கணக்கு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டவர்களில் முக்கியமானவர் ஆப்ரி மேயர், வயோலா வாசிக்கிற ஒரு இசைக்கலைஞர். எஞ்சினியர்கள் யாரும் அந்த நேரத்தில் யூனிட் செக் பண்ணவில்லை போல.

அப்புறம் பணம். ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். பணக்கார நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே அந்த அளவைத் தொட்டது 2022-ல். அதிலும் பெரும்பகுதி கடன். அதே 2022-ல் பாகிஸ்தானில் வெள்ளம் வந்து 1,700-க்கும் மேல் ஆட்கள் செத்தார்கள், 3 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு. உலகப் புகையில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

சரி, தலைக்கணக்கை எதிர்த்து நம்ம கிளாஸிலேயே ரெண்டு கேள்வி வரும். ஒன்று: "காற்றுக்குத் தலைக்கு எவ்வளவுன்னு தெரியுமா? மொத்தம் எவ்வளவு போச்சு என்பதுதானே சூடாக்கும்?" கரெக்ட். எவ்வளவு குறைக்கணும் என்பதை மொத்தம்தான் சொல்லும். யார் குறைக்கணும் என்பதை மொத்தம் சொல்லாது. இரண்டும் வேற வேற கேள்வி. இரண்டாவது: "அப்போ ஜனத்தொகையை ஏத்திக்கிட்டே போனா அதிகப் பங்கு கிடைக்குமா?" ஒரு குறிப்பிட்ட வருஷத்து ஜனத்தொகையை வைத்துப் பங்கை நிர்ணயம் பண்ணிவிட்டால் முடிந்தது. மேயர் கொடுத்த திட்டத்திலேயே அதற்கு வழி இருந்தது.

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அந்தத் தலைகளில் யார் யார்?

இந்தியாவின் சராசரி 2 டன். இந்த 2 டன்னை நம் பிரதிநிதிகள் ஒவ்வொரு மாநாட்டுக்கும் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2021 கிளாஸ்கோவில் நிலக்கரியை 'நிறுத்துவோம்' என்ற வார்த்தையைக் 'குறைப்போம்' என்று மாற்ற வைத்தபோதும் இதுதான் பின்னணி. எங்கள் ஏழைகளுக்கு இன்னும் கரண்ட் வேணும் என்கிறோம். அந்த வாதம் நியாயம், அமெரிக்காவைப் பார்த்துச் சொல்லும்போது. ஆனால் அந்த ஏழையின் தலையை டினாமினேட்டரில் போட்டுவிட்டு, நியூமரேட்டரைச் செலவு பண்ணுவது யார்?

2007-ல் கிரீன்பீஸ் இந்தியா ஒரு அறிக்கை விட்டது. ஏழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்பதுதான் தலைப்பு. நாடு முழுக்க வீடுகளில் சர்வே எடுத்து, மாசம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள பிரிவு, 3,000-க்குக் கீழே இருக்கும் பிரிவைவிட நாலரை மடங்கு கார்பன் விடுவதாகக் கணக்குப் போட்டார்கள். அது 2007-ன் 30,000. இன்றைக்கு அது எவ்வளவுக்குச் சமம் என்று நீங்களே போட்டுப் பாருங்க. பிளேஸ்மென்ட் ஆகி மூணு நாலு வருஷத்தில் நம்மில் பலர் அந்த மேல் பிரிவில் போய் உட்கார்ந்திருப்போம். பிளாட்டில் மூணு ஏசி, ஒரு எஸ்யூவி, வருஷத்துக்கு நாலு ஃப்ளைட். தலைக்கு 2 டன் என்கிற பெருமை மட்டும் மாறாது, ஏன்னா அதைக் கீழே இழுத்துப் பிடிக்க வேற யாரோ விறகு அடுப்பில் சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

அகர்வாலின் வாதம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது நாட்டு எல்லையில் வந்து நின்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்கிறேன். காற்று பொது, தலைக்குச் சம பங்கு என்பது உண்மையானால், அது வாஷிங்டனுக்கும் டெல்லிக்கும் நடுவில் மட்டும் உண்மையாக இருக்க முடியாது. சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவிலும் உண்மையாக இருக்கணும்.

எண்ணூரை நம்மில் பாதிப் பேர் மேப்பில்தான் பார்த்திருப்போம். நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கிற அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு, உரத் தொழிற்சாலை, துறைமுகங்கள் எல்லாம் வடசென்னையில்தான் வரிசையாக இருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணியோடு கலந்து குழாயில் தள்ளுவார்கள். குழாய் ஒழுகி ஒழுகி, கொசஸ்தலையாறும் கழிமுகமும் சாம்பல் படிந்து மேடாகிப் போச்சு. அந்தத் தண்ணிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அந்த முகத்துவாரத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றின் மேலும் பூசிக்கொண்டது. அதே மாசக் கடைசியில், ராத்திரியில் அமோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.

இதெல்லாம் ஏன் வடசென்னையில்? ஏன் அடையாறில் இல்லை, ஏன் ஓஎம்ஆரில் இல்லை? ரயில், துறைமுகம், காலி நிலம் என்று டெக்னிக்கல் காரணங்கள் சொல்லலாம், கொஞ்சம் உண்மையும் இருக்கும். ஆனால் அதற்கு அடியில் சம்மர்ஸ் குறிப்பு கேட்கவில்லையா உங்களுக்கு? நிலம் மலிவு, கூலி மலிவு, அதனால் அங்கே இருமினால் நஷ்டம் கம்மி. வாஷிங்டன்காரர் எழுதினால் கொதிக்கிறோம். நம்ம ஊர் சைட் செலக்‌ஷன் ரிப்போர்ட்டில் அதே கணக்கு வேற பெயரில் வந்தால் அதற்கு மார்க் போடுகிறோம். நாளைக்கு அந்த ரிப்போர்ட்டை எழுதப் போவதும் நாமதான். சிவில், கெமிக்கல், ஈஈஈ மக்களே, குறிப்பாக உங்களைத்தான் சொல்றேன்.

'ஸ்டூடன்ட்ஸ் நம்மால என்ன முடியும்' என்று சொல்றவங்களுக்கு ஒரு செய்தி. 2019-ல் பசிபிக் கடலில் வனுவாட்டு என்கிற தீவு நாட்டில், சட்டம் படித்த 27 மாணவர்கள் கிளாஸில் ஆரம்பித்த விஷயம் ஒன்று. காலநிலையைக் காப்பாற்றுவதில் நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்று தங்கள் அரசுகளைத் துரத்தினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐநா பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில் நீதிபதிகள் எல்லாரும் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள்: காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் நஷ்டஈடு வரைக்கும் போகலாம். கட்டாயப்படுத்துகிற தீர்ப்பு இல்லை, ஆலோசனைக் கருத்துதான். ஆனாலும் வனுவாட்டின் மொத்த ஜனத்தொகை நம்ம ஊர் ஒரு நடுத்தர டவுன் அளவு. அங்கே ஒரு செக்‌ஷனில் பாதிப் பேர் செய்த வேலை இது.

நம்ம காலேஜுக்கு என் புரபோசல் ரொம்பச் சின்னது. அடுத்த செமஸ்டரில் எந்த டீமாவது மினி ப்ராஜெக்ட்டாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்து ஈபி பில், ஜெனரேட்டர் டீசல், காலேஜ் பஸ் டீசல், மெஸ் கேஸ். எல்லாவற்றையும் கார்பனாக மாற்றிக் கூட்டுங்க. ஆபீஸில் கேட்டால் பில் கிடைக்கும், கிடைக்கவில்லையென்றால் அதையே ரிப்போர்ட்டில் எழுதுங்க. பிளாக் வாரியாக, ஏசி ரூம் வாரியாகப் பிரித்துப் போடுங்க. நமக்கு வருகிற கரண்டில் எவ்வளவு நிலக்கரி, அந்த நிலக்கரியின் சாம்பல் எந்த ஆற்றங்கரையில் கிடக்கிறது என்று ஒரு பக்கம் சேருங்க. அப்புறம் தலையால் வகுங்க.

அந்த இடத்தில் டீமுக்குள் ஒரு சண்டை வரும், வரணும். டினாமினேட்டரில் ஸ்டூடன்ட்ஸ், ஸ்டாஃப் மட்டுமா? காலையில் அஞ்சு மணிக்கு வந்து ஃபேன் இல்லாத மெஸ் பின்கட்டில் இட்லி ஊத்துற அண்ணன்கள், கிளாஸ் பெருக்குற அக்காக்கள், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி தாத்தா, இவங்களையும் சேர்த்தால் நம்ம சராசரி அழகாகக் குறையும். சேர்க்கலாமா என்று முடிவு பண்ணுவதற்கு முன்னாடி, அவங்க இருக்கிற இடத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் போகுது என்று தனியாக ஒரு காலம் போட்டு எழுதிவிடுங்க.